'டார்க் சைட் ஆஃப் தி மூன்': 43 நிமிடத்துக்குப் பின்னால் இருந்தவர்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில், இது என்ன ஆல்பம்?

பிங்க் ஃப்ளாய்ட் என்ற ஆங்கிலேய ராக் குழு 1973 மார்ச்சில் வெளியிட்ட ஆல்பம். பத்து உருப்படிகள், சுமார் 43 நிமிடம். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஐந்து, மறுபக்கத்தில் ஐந்து. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் மௌனம் இல்லை. ஒன்று இன்னொன்றில் கரைந்து போகும். தட்டைத் திருப்பிப் போட வேண்டிய இடத்தில் மட்டும்தான் இடைவெளி. கறுப்புப் பின்னணியில் ஒரு முப்பட்டகமும் வானவில் கோடும் போட்ட டி-சர்ட்டைப் பார்த்திருப்பீர்கள். போட்டிருப்பவர் பாட்டைக் கேட்டிருக்கிறாரோ இல்லையோ, அந்தப் படம் இந்த ஆல்பத்தின் அட்டை.

கான்செப்ட் ஆல்பம் (ஒரே கருத்தில் கோத்த ஆல்பம்) என்கிறார்களே, இதில் கதை இருக்கிறதா?

கதை இல்லை. நாயகன் இல்லை, சம்பவம் இல்லை. மனிதனைப் பைத்தியமாக அடிக்கும் சங்கதிகள் என்னென்ன என்று ஒரு பட்டியல் போட்டார்கள்: பணம், நேரம், பயணம், சாவு, சண்டை, மனப்பிறழ்வு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு. 1971 கடைசியில் டிரம்மர் நிக் மேசனின் லண்டன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பேசியபோது உருவான யோசனை இது. வரிகள் முழுவதையும் தானே எழுதுவதாக ரோஜர் வாட்டர்ஸ் பொறுப்பேற்றுக்கொண்டார். அதுவரை அந்தக் குழுவின் பாடல் வரிகள் விண்வெளி, மூடுபனி என்று கொஞ்சம் மேகத்தில் மிதந்துகொண்டிருந்தன. இந்த முறை நேராகப் பேசினார். வாட்டர்ஸுக்கு அப்போது வயது 28, 29. வாழ்க்கை இனிமேல்தான் தொடங்கப் போகிறது என்று காத்திருந்தவனுக்கு, அது எப்போதோ தொடங்கிவிட்டது என்று திடீரென்று உறைக்கும் வயது. 'டைம்' பாட்டின் விஷயமே அதுதான்.

குழுவில் யார் யார்?

நான்கு பேர். ரோஜர் வாட்டர்ஸ் – பேஸ் கிட்டார், வரிகள். டேவிட் கில்மர் – கிட்டார், பெரும்பாலான பாடல்களில் முதன்மைக் குரல். ரிச்சர்ட் ரைட் – பியானோ, ஆர்கன், சிந்தசைசர், குரல். நிக் மேசன் – டிரம்ஸ், டேப் வெட்டி ஒட்டும் வேலைகள்.

ஆனால் இந்த ஆல்பத்தில் நம் காதில் நிற்கும் பல இடங்கள் இந்த நால்வரும் செய்தவை அல்ல. ஒரு ஒலிப்பதிவாளர், ஒரு சாக்ஸபோன்காரர், கூலிக்குப் பாட வந்த ஒரு பெண், ஸ்டுடியோவின் வாசல் காவலாளி என்று அந்தப் பட்டியல் தனி. கீழே வரும்.

சிட் பாரெட் இதில் வாசித்திருக்கிறாரா?

இல்லை. குழுவைத் தொடக்கத்தில் நடத்தியவர் அவர்தான். மனநிலை குலைந்ததால் 1968-லேயே விலக நேர்ந்தது. ஆனால் கடைசிக்கு முந்தைய பாட்டான 'பிரெய்ன் டேமேஜ்' அவரை நினைத்து எழுதப்பட்டது என்று வாட்டர்ஸே சொல்லியிருக்கிறார். மேடையில் எல்லோரும் ஒரு பாட்டு வாசிக்க, ஒருவர் மட்டும் வேறொன்று வாசிக்கும் படிமம் அதில் வருகிறது. அது கற்பனை அல்ல, பாரெட்டோடு மேடையில் நின்று அவர்கள் நேரில் பட்ட பாடு.

ஆல்பம் வருவதற்கு முன்பே மேடையில் வாசித்துவிட்டார்களாமே?

ஆமாம், ஓராண்டுக்கும் மேலாக. இப்போது யாரும் துணிய மாட்டார்கள். 1972 ஜனவரி 20 அன்று பிரைட்டனில் முதல் முறை வாசித்தார்கள். 'மணி' பாட்டு வரைக்கும் வந்தது. டேப்பும் மின்சாதனங்களும் காலை வாரிவிட, நிறுத்திவிட்டு வேறு பழைய உருப்படியை வாசித்தார்கள். அடுத்த நாள் போர்ட்ஸ்மவுத்தில் முழுதாக ஒப்பேற்றினார்கள். பிப்ரவரியில் லண்டன் ரெயின்போ அரங்கில் நான்கு நாள், பத்திரிகைக்காரர்களை அழைத்து. அந்தக் கச்சேரியை யாரோ திருட்டுத்தனமாகப் பதிவு செய்ய, அசல் ஆல்பம் வருவதற்கு முன்பே அந்தத் தட்டு விற்கத் தொடங்கிவிட்டது.

இன்று அந்த மேடைப் பதிவுகளைக் கேட்டால் இரண்டு விஷயம் பளிச்சென்று தெரியும். ஒன்று, எலும்புக்கூடு அப்போதே முழுசாக இருக்கிறது. இரண்டு, மிகவும் பேசப்படும் இரண்டு இடங்கள் அப்போது கிடையவே கிடையாது. 'ஆன் தி ரன்' வரும் இடத்தில் சுமாரான ஒரு கிட்டார் உரையாடல் ஓடுகிறது. 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' வரும் இடத்தில் ஆர்கன் பின்னணியில் பைபிள் வாசகங்களும் மத போதனைப் பேச்சும் ஒலிக்கின்றன. ஊர் ஊராக வாசித்துப் பார்த்து, எது நிற்கிறது எது நிற்கவில்லை என்று தெரிந்துகொண்டு, சோடை போனதை எடுத்துவிட்டார்கள்.

இடையில் தலைப்பையே 'எக்ளிப்ஸ்' என்று மாற்றவும் வேண்டியிருந்தது. மெடிசின் ஹெட் என்ற வேறொரு குழு 1972-ல் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' என்ற பெயரிலேயே ஆல்பம் போட்டுவிட்டது. அது ஓடவில்லை, இவர்கள் பழைய பெயருக்கே திரும்பினார்கள்.

எங்கே பதிவு செய்தார்கள்? ஆலன் பார்சன்ஸ் யார்?

லண்டன் ஆபி ரோட்டில் உள்ள இ.எம்.ஐ. இசைத்தட்டு நிறுவனத்தின் ஸ்டுடியோவில், 1972 கோடையிலிருந்து 1973 தொடக்கம் வரை, விட்டு விட்டு. நடுவே அமெரிக்கச் சுற்றுப்பயணம், பிரான்சில் ரோலாண்ட் பெத்தியின் பாலே நடனக் குழுவோடு நிகழ்ச்சிகள் என்று போய்ப் போய் வந்தார்கள்.

ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸுக்கு வயது 23, 24 இருக்கும். பீட்டில்ஸின் 'ஆபி ரோட்' ஆல்பத்தில் உதவியாளராக இருந்தவர். சம்பளம் வாரத்துக்கு 35 பவுண்ட் என்று அவரே சொல்லியிருக்கிறார். வாட்டர்ஸ் கால்பந்து பார்க்கக் கிளம்பிவிடுவார்; தொலைக்காட்சியில் மான்டி பைதன் குழுவின் நகைச்சுவை நிகழ்ச்சி வந்தால் மற்றவர்களும் போய் உட்கார்ந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் பார்சன்ஸ் தனியாக மிக்ஸ் செய்து, அதாவது பதிவான ஒலிகளை அளவாகக் கலந்து, பார்த்துக்கொண்டிருப்பார். (அதே மான்டி பைதன் குழு படம் எடுத்தபோது பணம் போட்டவர்களில் பிங்க் ஃப்ளாய்டும் உண்டு.)

'டைம்' பாட்டின் தொடக்கத்தில் ஒரே நேரத்தில் அலறுகிற கடிகாரங்கள் அவர் கொண்டுவந்தவை. நான்கு ஸ்பீக்கர் ஒலிமுறையை விளக்கிக் காட்டுவதற்காகப் பழைய கடிகாரக் கடை ஒன்றுக்குப் போய், ஒவ்வொரு கடிகாரத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து வைத்திருந்தார். 'உங்கள் பாட்டுக்கு ஆகுமா பாருங்கள்' என்று எடுத்து நீட்டினார். ஆயிற்று. கடிகாரங்கள் ஓய்ந்ததும் வரும் அந்த டும் டும் ஒலி, ரோட்டோடாம் என்ற சிறு முரசுகளில் மேசன் வாசித்தது.

'மணி' பாட்டில் சில்லறை, கல்லாப்பெட்டிச் சத்தம் எப்படிச் செய்தார்கள்?

இன்றைக்கு என்றால் பத்து நிமிட வேலை. அன்றைக்குக் கத்தரிக்கோல் வேலை.

வாட்டர்ஸ் தன் வீட்டுத் தோட்டக் கொட்டகையில் ஒலிகளைச் சேகரித்தார். மண்பாண்டம் செய்யும் மனைவி களிமண் பிசைய வைத்திருந்த பெரிய கிண்ணத்தில் சில்லறைக் காசுகளை அள்ளி அள்ளி வீசினார். மேசன் பழைய பென்னிக் காசுகளில் துளை போட்டு நூலில் கோத்துக் குலுக்கினார். காகிதம் கிழிபடும் ஒலி, கல்லாப்பெட்டி திறக்கும் ஒலி என்று மொத்தம் ஏழு.

அப்புறம் ஒவ்வொரு ஒலி இருந்த டேப் துண்டையும் அடிக்கோல் வைத்து அளந்து, ஒரே நீளத்துக்கு வெட்டி, வரிசையாக ஒட்டி, தலையையும் வாலையும் இணைத்து ஒரு வளையமாக்கினார்கள். நீளமான வளையம், மெஷினுக்குள் அடங்காது. மைக் ஸ்டாண்டைத் தள்ளி நிறுத்தி, அதைச் சுற்றி ஓடவிட்டு, மறுபடி மெஷினுக்குள் இழுத்தார்கள். எல்லாத் துண்டும் ஒரே நீளம் என்பதால் ஒவ்வொரு ஒலியும் சரியாக ஒரு தட்டு. ஏழு ஒலி, ஏழு தட்டு. தாளம் பிறந்துவிட்டது.

கவனித்துக் கேளுங்கள்: அந்த வளையம் மெல்ல மங்கி மறைந்த பிறகு குழுவின் வேகம் கொஞ்சம் கூடும்.

அந்தப் பாட்டின் தாளம் ஏன் வித்தியாசமாக இருக்கிறது?

ராக் பாட்டு பெரும்பாலும் நான்கு எண்ணிக்கை. இது ஏழு. மிஸ்ர சாபு போட்டுப் பழகிய கைக்கு இது பெரிய அதிசயமாகத் தெரியாது. ராக் ரசிகர்களுக்கு அப்போது காலை இடறியது. சாக்ஸபோன் தனி ஆவர்த்தனமும் ஏழிலேயே போகிறது. கில்மரின் கிட்டார் தொடங்கும் நொடியில் மொத்தக் குழுவும் நான்குக்கு மாறிவிடும். காரணம் கலைத்தத்துவம் எல்லாம் இல்லை. நான்கில் வாசிப்பது சுலபம், கை தாராளமாக ஓடும்.

அந்தக் கிட்டார் பகுதியையும் மூன்றாகப் பிரித்துக் கேட்கலாம். முதல் சுற்று எதிரொலி நிறைந்து விரிந்திருக்கும். இரண்டாவது சுற்றில் எதிரொலி எல்லாம் துடைக்கப்பட்டு, சின்ன அறைக்குள் நாலு பேர் வாசிப்பது போலச் சுருங்கும். மூன்றாவதில் மறுபடி அகலத் திறக்கும். நடுவில் சுருக்கியதால்தான் மூன்றாவது அவ்வளவு பெரிதாகக் கேட்கிறது.

சாக்ஸபோன் வாசித்தது யார்?

டிக் பாரி. கில்மருக்குக் கேம்பிரிட்ஜ் காலத்து நண்பர். புகழ்பெற்ற ஸ்டுடியோ வித்வான் எவரையும் தேடிப் போகாமல் தெரிந்த ஆளைக் கூப்பிட்டார்கள். 'மணி'யில் முரட்டுத்தனமாகவும் 'அஸ் அண்ட் தெம்' பாட்டில் மூச்சுக்காற்று கேட்கும் அளவுக்கு மென்மையாகவும் வாசித்திருக்கிறார். அடுத்தடுத்து வரும் இரண்டு பாட்டிலும் ஒரே ஆள் என்று தெரியாமல் கேட்பவர்கள் உண்டு.

வார்த்தையே இல்லாமல் பாடும் அந்தப் பெண் யார்?

கிளேர் டோரி. இந்தப் பக்கத்துக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான், அதற்கு நியாயமும் இருக்கிறது.

'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' ரைட்டின் மெட்டு. பியானோ முன்னால், கில்மரின் ஸ்டீல் கிட்டார் பின்னால். அதன் மேல் என்ன வைப்பது என்று தெரியாமல் கடைசி வரை இழுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு பெண் குரலை வைத்துப் பார்க்கலாம் என்று பேச்சு வந்தபோது, பார்சன்ஸ் டோரியின் பெயரைச் சொன்னார். அவருக்கு அப்போது 25 வயது. கூலிக்குப் பாடும் ஸ்டுடியோ பாடகி, பாட்டும் எழுதுவார். பிங்க் ஃப்ளாய்டின் ரசிகை ஒன்றும் இல்லை. முதலில் கூப்பிட்ட நாள் ஒத்துவரவில்லை. 1973 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு ஏற்பாடானது. ஞாயிறு என்பதால் இரட்டைக் கூலி, 30 பவுண்ட்.

வந்தவரிடம் ஆல்பத்தின் பொருளைச் சொன்னார்கள்: பிறப்பு, இறப்பு, இத்யாதி. வரிகள் இல்லை, மெட்டும் இல்லை. 'என்ன பாட வேண்டும்?' என்பதற்குச் சரியான பதிலும் இல்லை. வழக்கப்படி 'ஓ பேபி' என்று ஆரம்பித்தார். வேண்டாம், வார்த்தையே வேண்டாம் என்றார்கள். அந்த இடத்தில்தான் அவர் தன்னை ஒரு வாத்தியமாக நினைத்துக்கொண்டு பாட முடிவு செய்தார். நம் ஊரில் அகாரமாகப் பாடி வளர்ந்தவர்களுக்கு வார்த்தை இல்லாத பாட்டு புதிதல்ல. ஆனால் அவர்களுக்குக் காலூன்ற ஒரு ராகம் இருக்கும். டோரிக்கு முன்னால் இருந்தது ரைட்டின் பியானோ மட்டும்.

முழுதாக இரண்டு முறை பாடினார். மூன்றாவது முறை பாதியில் நிறுத்திவிட்டார். இனி பாடினால் செயற்கையாகிவிடும் என்று தோன்றியது. அறையை விட்டு வெளியே வரும்போது கூச்சத்தோடு மன்னிப்புக் கேட்டாராம், ரொம்பக் கத்திவிட்டோமோ என்று. உள்ளே இருந்தவர்களோ அசந்து போயிருந்தார்கள். ஆனால் அதை முகத்தில் காட்டுகிற ரகமில்லை. நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். தன் குரலைப் பயன்படுத்த மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். பிறகு இசைத்தட்டுக் கடையில் ஆல்பத்தைப் பிரித்துப் பார்த்தபோதுதான் தன் பெயர் அதில் இருப்பது தெரிந்தது. நாம் கேட்பது அந்த இரண்டரை முறையிலிருந்து நல்ல இடங்களை எடுத்துக் கோத்த வடிவம்.

அவர் வழக்குப் போட்டது உண்மையா?

உண்மை. 2004-ல் குழுவின் மீதும் இ.எம்.ஐ. மீதும் வழக்குத் தொடுத்தார். நான் கொடுக்கப்பட்ட மெட்டைப் பாடவில்லை, அந்த மெட்டே என்னுடையது என்பது வாதம். 2005-ல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது, தொகை வெளியிடப்படவில்லை. அதன் பிறகு வந்த பதிப்புகளில் ரைட்டின் பெயரோடு, குரல் இசையமைப்பு கிளேர் டோரி என்றும் அச்சாகிறது. 32 வருடம் தாமதம். என்னைக் கேட்டால், இதில் விவாதிக்கவே ஒன்றும் இல்லை. அவருடைய குரலை எடுத்துவிட்டு அந்தப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். அழகான பியானோ பின்னணி மட்டும் மிஞ்சும்.

'ஆன் தி ரன்' முழுக்க மெஷினா?

கிட்டத்தட்ட. சிந்தி ஏ.கே.எஸ். என்ற, பெட்டிக்குள் அடங்கும் பிரிட்டிஷ் சிந்தசைசர் அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. எட்டு சுரங்களை அதில் மெதுவாகத் தட்டி வைத்து, வேகத்தைத் தாறுமாறாக ஏற்றினார்கள். அதன் மேல் காலடி ஓசை, மூச்சிரைப்பு, விமான நிலைய அறிவிப்பு, கடைசியில் ஒரு வெடிப்பு. விமானப் பயணம் பற்றிய பயம்தான் கரு. அன்றைக்கு அது எதிர்கால ஒலி. இன்றைய மின்னணு நடன இசை கேட்பவர்களுக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.

நடுநடுவே பேசுவது யார்?

வாட்டர்ஸின் யோசனை. அட்டைகளில் கேள்விகள் எழுதி, ஸ்டுடியோவில் அகப்பட்டவர்களை எல்லாம் மைக் முன்னால் உட்கார வைத்தார். பிடித்த நிறம், பிடித்த சாப்பாடு என்று சாதுவாகத் தொடங்கும். போகப் போக 'கடைசியாக எப்போது கைநீட்டினீர்கள்?', 'உங்கள் பக்கம் நியாயம் இருந்ததா?', 'சாவுக்குப் பயமா?' என்று இறுகும். யோசிக்க நேரமில்லாமல் வந்த பதில்கள்தான் ஆல்பத்தில் கேட்பவை.

விழுந்து விழுந்து சிரிப்பவர் குழுவின் சாலைப் பயண மேலாளர் பீட்டர் வாட்ஸ் (நடிகை நவோமி வாட்ஸின் அப்பா). 'மணி' முடியும்போது, அன்றைக்கு நான் நல்ல போதையில் இருந்தேன் என்று சொல்பவர் பால் மெக்கார்ட்னியின் விங்ஸ் குழுவில் கிட்டார் வாசித்த ஹென்றி மெக்கல்லா. மெக்கார்ட்னியையும் அவர் மனைவி லிண்டாவையும்கூடப் பேச வைத்தார்கள், ஆனால் பயன்படுத்தவில்லை. நகைச்சுவையாகப் பேச வேண்டும் என்று அவர்கள் முயன்றது அப்பட்டமாகத் தெரிந்ததாம். பீட்டில்ஸ் ஆளையே வெட்டிவிட்டு, ஆபி ரோட் ஸ்டுடியோவின் அயர்லாந்துக்கார வாசல் காவலாளி ஜெரி ஓ'டிரிஸ்கலை வைத்துக்கொண்டார்கள். சாவுக்குப் பயமில்லை என்று பேசுபவர் அவர். ஆல்பத்தின் கடைசிப் பேச்சும் அவருடையதுதான்: நிலவுக்கு இருட்டுப் பக்கம் என்று ஒன்று கிடையாது, உள்ளபடியே அது முழுக்க இருட்டு. இரண்டு பக்க இசைத்தட்டின் முடிவுரையைக் காவலாளியிடம் கொடுத்த துணிச்சலை நான் இன்றும் ரசிக்கிறேன்.

ஆரம்பத்தில் கேட்கும் இதயத்துடிப்பு யாருடையது?

யாருடையதும் இல்லை. மெத்தென்று துணி திணித்த பேஸ் டிரம்மை மேசன் தட்டியது. உண்மையான இதய ஒலி பதிவில் அவ்வளவு நன்றாக வராது. ஆல்பம் அதே துடிப்போடுதான் முடியும்.

ரிச்சர்ட் ரைட்டைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லையே, ஏன்?

அவரே பேச மாட்டார் என்பது ஒரு காரணம். வாட்டர்ஸுக்கும் கில்மருக்கும் நடந்த பல வருடச் சண்டையில் மற்ற இருவரும் செய்திகளில் மறைந்துபோனார்கள் என்பது இன்னொன்று. என் கணக்கில், வாட்டர்ஸ் இல்லாவிட்டால் இந்த ஆல்பத்துக்குப் பொருள் இல்லை. ரைட் இல்லாவிட்டால் அதற்கு நிறம் இல்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'பிரீத்' பாட்டில் இரண்டே ஸ்வரக்கூட்டுகளில் குழு நெடுநேரம் ஊஞ்சலாடும். அந்தச் சுற்று முடிந்து தொடக்கத்துக்குத் திரும்பும் இடத்தில் எதிர்பாராத ஒரு கார்டு (ஸ்வரக்கூட்டு) வரும். ராக் இசையில் அன்று அரிது. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' ஜாஸ் ஆல்பத்தில் கேட்டு எடுத்தேன் என்று ரைட்டே பியானோவில் வாசித்துக் காட்டியிருக்கிறார். அந்த ஒரு கார்டை நீக்கினால் 'பிரீத்' நல்லதொரு சாதாரணப் பாட்டு.

'அஸ் அண்ட் தெம்' இன்னும் பழைய கதை. இத்தாலிய இயக்குநர் அன்டோனியோனியின் 'ஸாப்ரிஸ்கி பாயின்ட்' (1970) படத்துக்காக ரைட் பியானோவில் அமைத்தது. போலீஸ் மாணவர்களை அடிக்கும் காட்சிக்கு ஆரவார இசை வைக்காமல், நேர் எதிராக இந்த அமைதியான மெட்டை வைக்கலாம் என்பது எண்ணம். அழகாக இருக்கிறது, ஆனால் ரொம்பச் சோகம், தேவாலயம் மாதிரி இருக்கிறது என்று அன்டோனியோனி ஒதுக்கிவிட்டார். இரண்டு வருடம் பெட்டியில் கிடந்த மெட்டுக்கு வாட்டர்ஸ் போரைப் பற்றி வரிகள் எழுதினார். கேட்கும்போது பாடகர் ஒவ்வொரு சொல்லையும் பாடிவிட்டு நிறுத்துவதையும், அந்தச் சொல் எதிரொலித்துத் தேய்வதையும் கவனியுங்கள். அவ்வளவு இடம் விட்டு எழுதப்பட்ட மெட்டு என்பதால்தான் அது சாத்தியமாயிற்று.

'டைம்' பாட்டில் கில்மர் கரகரப்பாகப் பாடி முடித்ததும், மென்மையான இன்னொரு குரல் வருமே, அதுவும் ரைட். 'மணி'யில் கிட்டாருக்கு அடியில் வாவ்-வாவ் என்று முனகுவது அவருடைய வுர்லிட்ஸர் மின் பியானோ. 1973 பிப்ரவரி 27 அன்று லண்டன் கோளரங்கில் ஆல்பத்தைப் பத்திரிகைக்காரர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். நான்கு ஸ்பீக்கர் மிக்ஸ் தயாராகவில்லை என்று கோபித்துக்கொண்டு மற்ற மூவரும் போகவில்லை, அவர் போனார். வந்தவர்களை வரவேற்றது, நால்வரின் ஆளுயர அட்டை உருவங்கள்.

மிக்ஸிங்கில் சண்டை என்கிறார்களே?

பெரிய சண்டை இல்லை, கருத்து வேறுபாடு. வாட்டர்ஸுக்கு ஒலி வறட்சியாக, பேச்சுகளும் சத்தங்களும் முன்னால் நிற்க வேண்டும். கில்மருக்கு எதிரொலி தோய்ந்து, பேச்சு உள்ளே அமுங்கியிருக்க வேண்டும். பஞ்சாயத்துக்கு கிறிஸ் தாமஸ் வந்தார்; பீட்டில்ஸின் வெள்ளை ஆல்பத்தில் வேலை செய்தவர். விளைவைக் கேட்டால் இருவருமே பாதி ஜெயித்த மாதிரிதான் இருக்கிறது.

அட்டை?

ஹிப்னாசிஸ் என்ற வடிவமைப்புக் கூடத்தின் ஸ்டார்ம் தார்கர்சனும் ஆப்ரி பவலும் செய்தது. வரைந்தவர் ஜார்ஜ் ஹார்டி. வழக்கமான புகைப்பட அட்டை வேண்டாம், எளிமையாக, நேர்த்தியாக ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டவர், ஆம், ரைட். இயற்பியல் பாடப்புத்தகப் படம் ஒன்று பொறி தட்டியது. பல மாதிரிகளைக் காட்டியபோது, சில நிமிடத்தில் நால்வரும் ஒருமனதாக இதைக் கைகாட்டிவிட்டு எழுந்து போனார்கள். முன் அட்டையில் குழுவின் பெயர்கூட இல்லை. வானவில்லில் ஆறு நிறம்தான், கருநீலம் இல்லை. அட்டையைத் திறந்தால் பச்சைக் கோடு இதயத்துடிப்பு வரைபடமாகத் துள்ளும்.

'விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்தோடு சேர்த்து ஓட்டினால் பொருந்துமாமே?

குழுவும் பார்சன்ஸும் மறுத்துவிட்டார்கள். 1972-ல் ஸ்டுடியோவில் படத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இசையமைக்க வசதியும் கிடையாது. எந்த 43 நிமிட இசையையும் எந்தப் படத்தோடும் ஓட்டினால் நாலு இடம் பொருந்தத்தான் செய்யும்.

எவ்வளவு விற்றது?

4.5 கோடிக்கும் மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அமெரிக்க பில்போர்டு ஆல்பம் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது ஒரே வாரம். ஆனால் 1973-லிருந்து 1988 வரை பட்டியலில் 741 வாரம் இருந்தது. பிரிட்டனில் இரண்டாம் இடத்தைத் தாண்டவில்லை.

இது புரோகிரசிவ் ராக்தானா? யெஸ், ஜெனசிஸ் குழுக்கள் மாதிரி இல்லையே?

நியாயமான சந்தேகம். யெஸ், கிங் கிரிம்சன் குழுக்களில் விரல் வேகம், மாறி மாறி வரும் தாளக்கணக்கு, இருபது நிமிட உருப்படி என்று வித்வத்துவம் முன்னால் நிற்கும். பிங்க் ஃப்ளாய்டில் அந்த அளவு வேகக்காரர்கள் யாரும் இல்லை. மேசன் நிதானமான டிரம்மர், வாட்டர்ஸ் சாதாரண பேஸ் வாசிப்பாளர். அதை மறைத்ததும் இல்லை. ஒரே கருத்தில் கோத்த நெடிய அமைப்பு, ஸ்டுடியோவையே வாத்தியமாக்கியது, ஜாஸையும் மின்னணு ஒலியையும் ராக்கில் கலந்தது ஆகியவற்றைப் பார்த்தால் புரோகிரசிவ்தான். வேகத்தை வைத்து அளந்தால் இல்லை. நான் முதல் கட்சி.

இந்த நால்வரும் பிறகு என்ன ஆனார்கள்?

சேர்ந்து இன்னும் சில பெரிய ஆல்பங்கள் செய்தார்கள். 1979-ல் 'தி வால்' தயாரிப்பின்போது ரைட் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டார், வாட்டர்ஸின் கட்டாயத்தால். எண்பதுகளின் நடுவில் வாட்டர்ஸும் போனார். அதன் பிறகு ரைட் திரும்பி வந்தார். 1994 சுற்றுப்பயணத்தில் வாட்டர்ஸ் இல்லாமலே இந்த ஆல்பத்தை முழுதாக மேடையில் வாசித்தார்கள். 2005 ஜூலை 2 அன்று லண்டன் லைவ் 8 நிகழ்ச்சியில் நால்வரும் ஒன்றாக நின்றார்கள். 'பிரீத்'தில் தொடங்கி, 'மணி'யும் வாசித்தார்கள். சாக்ஸபோனுக்கு அதே டிக் பாரி. 2008 செப்டம்பரில் ரைட் புற்றுநோயால் காலமானார்.

புதிதாகக் கேட்பவர் எந்தப் பதிப்பைக் கேட்பது?

1973 ஸ்டீரியோ மிக்ஸ், எந்த மறுபதிப்பானாலும் சரி. ஹெட்ஃபோனில், வரிசை மாற்றாமல். ஷஃபிள் போட்டுவிட்டால் இந்த ஆல்பம் பாதி செத்துவிடும். சில செயலிகள் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ஒரு நொடி மௌனம் விடும். அமைப்புகளில் போய் அதை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் 'பிரெய்ன் டேமேஜ்' முடிந்து 'எக்ளிப்ஸ்' எழும்பும் இடம் துண்டாகிவிடும். நான்கு ஸ்பீக்கர் வசதி இருந்தால் பார்சன்ஸ் செய்த குவாட்ரஃபோனிக் மிக்ஸ் தேடிக் கேட்கத் தக்கது.

2023-ல் வாட்டர்ஸ் தனியாக மறுபதிவு செய்த 'ரிடக்ஸ்' வடிவமும் இருக்கிறது. கிட்டார் தனி ஆவர்த்தனங்கள் கிடையாது, டோரியின் குரல் கிடையாது. முதியவரான வாட்டர்ஸ் அடிக்குரலில் நிறையப் பேசுகிறார். வரிகள் அவருடையவை, செய்ய உரிமை உண்டு. அசலை நன்றாகப் பழகிய பிறகு ஒருமுறை கேட்கலாம். முதலில் அதில் ஆரம்பிக்க வேண்டாம்.